வலத் தோளிலிருந்து இடத் தோளுக்கு: ஒரு ரைஃபிள் வீராங்கனையின் நிகழ்வு ஆய்வு

நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஏர் ரைஃபிள் வீராங்கனை ஒருவருக்கு வலக்கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. விழித்திரையின் மையத்தில், மஞ்சள் புள்ளி என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இடத்தில் அழற்சி வந்து, ஆறியபோது தழும்பாக நின்றுவிட்டது. ஓரப்பார்வைக்குக் குறைவில்லை. நடமாட்டத்திலும் அன்றாட வேலைகளிலும் பெரிய சிரமம் இல்லை. ஆனால் இளம்வயது முதல் அவர் குறிபார்த்து வந்தது அந்தக் கண்ணால்தான். வலத் தோள், வலக்கை விரல், வலக்கண் என்று எல்லாமே ஒரே பக்கம்.

அவருடைய பயிற்சியாளன் என்ற முறையில் இந்த ஆய்வை எழுதுகிறேன். அவருடைய பெயர் இங்கே தேவையில்லை. அவர் எடுத்த முடிவுகள், அவற்றுக்கான காரணங்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பவைதான் அடுத்தவருக்குப் பயன்படும். ஒரு பக்கத்தில் கோளாறு வந்தால் மறுபக்கத்துக்கு மாறிவிடு என்று சொல்வது எளிது. எது போயிருக்கிறது, எது மிஞ்சியிருக்கிறது என்று பார்க்காமல் சொல்லப்படும் அந்த ஆலோசனையால் நல்ல வீரர்கள் பல மாதங்களை வீணாக்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆதங்கம்தான் இதை இவ்வளவு விரிவாக எழுத வைக்கிறது.

இழப்பின் அளவு

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்துப் புள்ளிக்கான இடம் வெறும் 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு புள்ளி. 4.5 மில்லிமீட்டர் பெல்லட் என்ற சிறு ஈயக் குண்டின் விளிம்பு அதைத் தொட்டால்கூட 10.0 கிடைக்கும். அதாவது பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். பின்பக்கக் குறித்துளைக்கும் முன்பக்க வளையத்துக்கும் இடையே 80 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று 0.2 மில்லிமீட்டர் விலகினாலே இரண்டரை மில்லிமீட்டர் போய்விடும். இதில் 10.9 வரை தசமப் புள்ளிகள் வேறு. 60 குண்டுகளில் உச்ச அளவு 654. இந்த வீராங்கனை 620ஐத் தாண்டுவதை வழக்கமாக்கி வைத்திருந்தவர்.

குறிபார்க்கும்போது முன்பக்க வளையத்தின் நடுவில் இலக்கின் கருப்பு வட்டம் தெரிய வேண்டும். நோய் அடங்கிய பிறகு ரைஃபிளைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "சார், வளையம் தெரிகிறது. உள்ளே இருக்க வேண்டிய கருப்பு வட்டத்தைக் காணவில்லை. பார்வையைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினால் கருப்பு வருகிறது, அதற்குள் வளையம் நடுவில் இல்லை." இதைவிடத் துல்லியமாக எந்த அறிக்கையும் சொல்லிவிட முடியாது. மங்கலாகத் தெரிந்தால் லென்ஸை மாற்றலாம், துளையைச் சுருக்கலாம். பார்க்க முயலும் இடமே மறைந்துபோகிறது என்றால் கருவிகளால் செய்வதற்கு ஒன்றுமில்லை. விழித்திரை மருத்துவரும் தழும்பு நிரந்தரம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். இடக்கண் முழு நலத்துடன் இருப்பதையும் அவரே சோதித்து எழுதிக்கொடுத்தார்.

இந்த இரண்டாவது தகவலுக்கு முதலாவதைவிட அதிக முக்கியத்துவம் கொடுத்தேன். இனி அவருக்கு நடுப்பார்வை உள்ள கண் ஒன்றுதான். பெல்லட் எதிரே பட்டுத் தெறிக்கும் வாய்ப்பு சிறிதுதான் என்றாலும், இழக்க இன்னொரு கண் இல்லாதவருக்கு அது சிறிதல்ல. பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுடுதளத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்பதை முதல் விதியாக்கினோம். அவர் சுடாத நேரத்துக்கும், பக்கத்துத் தடத்தில் வேறொருவர் சுடும்போது நிற்கும் நேரத்துக்கும் அது பொருந்தும். ஒற்றைக் கண்ணோடு சுட வரும் எவருக்கும் இதில் விலக்கு அளிக்க மாட்டேன்.

முன்னால் இருந்த வழிகள்

பக்கம் மாறுவதைப் பற்றி நாங்கள் உடனே பேசவில்லை. வலத் தோளிலேயே ரைஃபிளை வைத்துக்கொண்டு இடக்கண்ணால் குறிபார்க்க வழியுண்டு. முப்பட்டகமோ சிறு கண்ணாடிகளோ பொருத்திய ஒரு கருவி, குறியின் பிம்பத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி மறு கண்ணுக்குக் கொண்டுவரும். சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் ரைஃபிள் விதிகளும் இதை அனுமதிக்கின்றன. வலத் தோளில் வைத்து இடக்கண்ணால் சுடுவோரும், இடத் தோளில் வைத்து வலக்கண்ணால் சுடுவோரும் இதைப் பயன்படுத்தலாம். அதில் உருப்பெருக்கும் லென்ஸ் மட்டும் இருக்கக் கூடாது. தோளும் கண்ணும் ஒரே பக்கமாக இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. பலருக்கு இப்படியொரு விதி இருப்பதே தெரியாது. தெரியாமலேயே விளையாட்டைக் கைவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

அவர் அதைச் சில வாரங்கள் முயன்று பார்த்தார். குண்டுகள் ஒரே இடத்தில்தான் விழுந்தன, அதில் குறையில்லை. ஆனால் வளையத்தின் விளிம்பு பழைய கூர்மையோடு தெரியவில்லை. தொடர் நீள நீளத் தலை தானாகவே, கன்னம் ஒட்டியிருக்கும் ரைஃபிள் கட்டையின் மேல் சாய்ந்தது. இடக்கண் நேராக எட்டிப் பார்க்க முயன்றதன் விளைவு அது. தலை சாய்ந்தால் கன்னத்தின் அழுத்தம் மாறும், அதோடு எல்லாமே மாறும். 75 நிமிடங்களில் 60 குண்டுகள் சுட வேண்டிய போட்டியில் இதைக் கட்டுப்படுத்துவதிலேயே அவருடைய கவனம் போய்விட்டது. வயதானவர்களுக்கும், வாரத்தில் ஒருநாள் மனமகிழ்ச்சிக்காகச் சுடுபவர்களுக்கும் முப்பட்டகத்தைத்தான் இன்றும் முதலில் பரிந்துரைப்பேன். இந்த வீராங்கனைக்கு இன்னும் பல ஆண்டுகள் போட்டியிட ஆசை இருந்தது. உடலும் ஒத்துழைக்கும் நிலையில் இருந்தது.

கழுத்தை வளைத்து, கட்டையைத் தாண்டித் தலையைக் கொண்டுபோய் இடக்கண்ணால் பார்ப்பது இன்னொரு வழி. அதற்கென்றே வளைத்துச் செய்யப்பட்ட பின்கட்டைகள் உண்டு. நின்றபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் கழுத்தை அப்படி வைத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதைச் சோதிக்கவே இல்லை.

ஆகவே தோள், கை, கண் மூன்றையும் மாற்றும் முடிவுக்கு வந்தோம்.

எல்லோரும் சொன்ன அந்த உதாரணம்

இந்த முடிவு வெளியே தெரிந்ததும் அவரைச் சந்தித்த ஒவ்வொருவரும் காரோய் டகாச்சின் கதையைச் சொன்னார்கள். ஹங்கேரி ராணுவத்தில் இருந்த பிஸ்டல் வீரர் அவர். 1936 ஒலிம்பிக்குக்குச் செல்லும் திறமை இருந்தும், அதிகாரி நிலையில் இல்லாத சார்ஜன்ட் என்பதால் அணியில் சேர்க்கப்படவில்லை. 1938இல் ராணுவப் பயிற்சியின்போது கையெறி குண்டு வெடித்து அவருடைய வலக்கை சிதைந்தது. இடக்கையால் சுடக் கற்றுக்கொண்டு, 1939இல் ஹங்கேரி தேசியப் போட்டியில் வென்றார். போரினால் 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடக்கவில்லை. 1948இல் லண்டனில், 38 வயதில், இலக்குகள் திரும்பி நிற்கும் சில விநாடிகளுக்குள் சுட வேண்டிய 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் 580 புள்ளிகளுடன் உலக சாதனை படைத்துத் தங்கம் வென்றார். 1952இல் ஹெல்சிங்கியில் 579 புள்ளிகளுடன் மீண்டும் தங்கம்.

மன உறுதிக்கு இதைவிடப் பெரிய சான்று இந்த விளையாட்டில் இல்லை. அவர் மீது எனக்குள்ள மரியாதைக்கு அளவே கிடையாது. ஆனால் என் முன்னால் நின்ற வீராங்கனைக்கு அந்தக் கதை வழிகாட்டவில்லை. டகாச் இழந்தது கையை. கண்ணும், இலக்குகள் திரும்பும் அந்த 8, 6, 4 விநாடி அவகாசங்களின் தாளமும் அவரிடம் பத்திரமாக இருந்தன. இவர் இழந்தது கண்ணை, கை பத்திரமாக இருந்தது. பிஸ்டலில் கை நீட்டிய தூரத்தில் ஆயுதம் இருப்பதால், எந்தக் கண்ணாலும் பார்க்கலாம். தலையைச் சற்றுத் திருப்பினால் போதும். வலக்கைப் பிஸ்டல்காரருக்கு வலக்கண் போனால் கையை மாற்ற வேண்டிய கட்டாயமே இல்லை. ரைஃபிளில் கன்னம் கட்டையோடு ஒட்டியிருக்கிறது. கண் எந்தப் பக்கமோ தோளும் அந்தப் பக்கம்தான். ஒரு கண்ணுக்காக இங்கே முழு உடலையும் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது.

இதை அவரிடம் விளக்கியபோது அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. ஒரே ஆண்டில் தேசியப் போட்டியில் வென்ற மனிதரோடு தன்னை ஒப்பிட்டு, தனக்கு மன உறுதி போதவில்லையோ என்று அவர் உள்ளூர வருந்திக்கொண்டிருந்தார்.

விரல் முதலில் கற்க வேண்டியது

பெல்லட் இல்லாமல்தான் தொடங்கினோம். தொடக்கப் பயிற்சி அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். பாதுகாப்பு இன்னொரு காரணம், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அனுபவம் உள்ளவரின் வலது ஆள்காட்டி விரல், ரைஃபிளைத் தூக்கும்போது டிரிகருக்கு வெளியே கட்டையை ஒட்டி நீண்டு நிற்கும். இதை அவர் யோசித்துச் செய்வதில்லை. பல்லாயிரம் முறை செய்து செய்து விரலுக்கே படிந்த ஒழுக்கம் அது. இடது விரலுக்கு அந்த ஒழுக்கம் துளியும் கிடையாது. அது இவ்வளவு காலம் ரைஃபிளைத் தாங்கிய கையின் விரல், வளைந்து பற்றுவதுதான் அதற்குத் தெரியும். முதல் நாள் அவர் ரைஃபிளை எடுத்துத் தோளில் வைத்தபோது, தூக்கும் அசைவிலேயே இடது விரல் டிரிகர் வளையத்துக்குள் புகுந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. துப்பாக்கி வாயின் திசையைக் காக்கும் பழக்கமும் அதே நிலையில்தான் இருந்தது. குண்டு நிரப்பத் திரும்பும்போது உடல் இப்போது எதிர்த்திசையில் திரும்புகிறது. முன்பு சுவரைப் பார்த்த குழல் இப்போது பக்கத்துத் தடத்தை நோக்கக்கூடும்.

பாதுகாப்புப் பழக்கங்கள் பக்கம் மாறும்போது தாமாகக் கூடவே வருவதில்லை. வீரர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், புதிய பக்கத்தில் அவரைப் புதியவராகவே நடத்த வேண்டும். மூத்த வீரர்களிடம் இதைச் சொல்லப் பயிற்சியாளர்கள் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சம் ஆபத்தானது. எடுப்பது, தோளில் வைப்பது, இறக்குவது, குழல் காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைக் குழலில் செருகுவது ஆகிய நான்கை மட்டும், டிரிகரைத் தொடாமல், சலிப்புத் தட்டும் வரை செய்ய வைத்தேன். இடது விரல் சொல்லாமலே நீண்டு நிற்கத் தொடங்கிய பிறகுதான் பெல்லட் டப்பாவைத் திறந்தோம்.

திருப்பிப் பார்த்த படம் பொருந்தவில்லை

தன் பழைய நிற்கும் நிலையின் புகைப்படங்களை இடவலமாகத் திருப்பி அச்சிட்டு எடுத்து வந்திருந்தார். உழைப்பாளியின் யோசனை அது. அந்தப் படத்தைப் பார்த்து அதேபோல நிற்க முயன்றார். படத்தில் இருந்ததைப் போலத்தான் இருந்தது, ஆனால் ரைஃபிள் ஆடியது.

வலத் தோளில் சுடுபவர் இலக்குக்கு இடப்பக்கத்தைக் காட்டி நிற்கிறார். இடது இடுப்பை முன்தள்ளி, அந்த இடுப்பெலும்பின் மேட்டில் இடது முழங்கையை ஊன்றி, எலும்பின் மேல் எலும்பாக எடையை நிலத்துக்கு இறக்குகிறார். ஏர் ரைஃபிளின் எடை 5.5 கிலோ வரை போகலாம். தசையால் தாங்கினால் சில நிமிடங்களில் நடுக்கம் வந்துவிடும், எலும்பால் தாங்க வேண்டும். முதுகெலும்பு பின்னாலும் பக்கவாட்டிலும் வளைந்து, எதிர் எடையாக நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி நின்ற உடல் இரு பக்கமும் சமமாக இருக்காது. இவருக்கு வலது இடுப்பு இடதைப் போல முன்வரவில்லை. அதனால் வலது முழங்கை இடுப்பெலும்பைத் தொடாமல் ஓர் அங்குலம் மேலேயே நின்றது. படத்தைப் பார்த்து அதைத் தொட வைக்க முயன்றபோது வலது தோள் கீழிறங்கியது, ரைஃபிள் தாழ்ந்தது, தலை குனிந்தது.

பழைய படங்களை மூடி வைத்தோம். வெற்று உடலிலிருந்து தொடங்கினோம். அவரைக் கண்ணை மூடி ரைஃபிளைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். உடல் தளர்ந்ததும் கண்ணைத் திறந்து, குழல் எங்கே நோக்குகிறது என்று பார்க்க வேண்டும். இலக்கை நோக்கவில்லை என்றால் கையால் தள்ளக் கூடாது, பாதங்களை நகர்த்த வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்ததில் அவருடைய புதிய நிலை வேறாக அமைந்தது. பாதங்கள் பழையதைவிடச் சற்று நெருக்கமாக, உடல் இலக்குப் பக்கம் கொஞ்சம் குறைவாகத் திரும்பி இருந்தது. முன்கட்டையின் அடியில் உயரக் கட்டை ஒன்றைச் சேர்த்தோம். முழங்கை இறங்க மறுத்த அந்த ஓர் அங்குலத்தை அது ஈடுசெய்தது.

பிடி, கன்னத் தாங்கி, தோள் தகடு ஆகிய மூன்றும் இடக்கைக்கானவை. உடலைத் தாங்கும் விறைப்பான சுடுதல் சட்டையும் கால்சட்டையும் இடப்பக்கத்துக்காகத் தைக்கப்பட்டவை. வலக்கைக்காரரின் சட்டையைப் போட்டுக்கொண்டு சில காலம் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ரைஃபிளைக்கூட இரவல் வாங்கலாம், சட்டையை வாங்கக் கூடாது. தோள் திண்டு தவறான பக்கம் இருந்தால் ரைஃபிள் வழுக்கும், விறைப்பு தவறான இடத்தில் இருந்தால் முதுகு அந்தச் சுமையை ஏற்கும். அவருக்குப் புதுச் சட்டை வரும்வரை சாதாரண உடையில், குறைந்த நேரம் மட்டுமே நிற்க அனுமதித்தேன். பக்கம் மாறிய முதல் பருவத்தில் முதுகு வலி வருவது வழக்கம் என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. இயன்முறை மருத்துவர் ஒருவர் தொடர்ந்து பார்த்துக்கொண்டார்.

இடக்கண்ணுக்கு லென்ஸ் தேர்ந்தெடுத்தபோது, தூரப்பார்வைக்கு அவருக்குத் தேவையான எண்ணோடு 0.5 டயாப்டர் (லென்ஸின் திறனை அளக்கும் அலகு) கூட்டினோம். ரைஃபிள்காரர்களிடையே இது பழைய வழக்கம். முன் வளையமும் தூரத்துக் கருப்பும் இரண்டும் ஏற்றுக்கொள்ளத்தக்க தெளிவில் தெரிய இது உதவும். வலக்கண்ணை மூடச் சொல்லவில்லை, கருப்புத் துணியாலும் மறைக்கவில்லை. ஒரு கண்ணை இருட்டாக்கினால் இரு கண்பாவைகளும் சேர்ந்தே விரியும், குறிபார்க்கும் கண்ணின் கூர்மையும் கெடும். ஒளி ஊடுருவும் வெள்ளை மறைப்பு போதும். பழுதான கண்தானே, மறைப்பு எதற்கு என்று அவர் கேட்டார். நடுப்பார்வைதான் போயிருக்கிறது. ஓரப்பார்வையில் நடமாடும் ஆட்களும் விளக்குகளும் இன்னும் அந்தக் கண்ணுக்குள் வருகின்றன, கவனத்தை இழுக்கின்றன.

கற்றறிந்த மனமும் கற்காத உடலும்

ஒரு கையைப் பயிற்றுவித்தால் மறு கையும் ஓரளவு தேறும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்கிரிப்ச்சரும் அவருடைய சகாக்களும் 1894லேயே இதை அளந்து எழுதியிருக்கிறார்கள். அந்த மாற்றம் எதில் நிகழ்கிறது, எதில் நிகழ்வதில்லை என்பதை இந்த வீராங்கனையிடம் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது.

மூச்சின் ஒழுங்கு, ஒவ்வொரு குண்டுக்கும் அவர் பின்பற்றும் வரிசை, சுட்ட பிறகும் அசையாமல் நிலையைக் காப்பது, தவறிய குண்டுக்குக் காரணம் கண்டுபிடிப்பது ஆகிய யாவும் முதல் வாரத்திலேயே இடப்பக்கத்துக்கு வந்துவிட்டன. புதியவர் ஒருவருக்கு இவற்றைக் கற்றுக்கொடுக்க எத்தனை மாதங்களாகும் என்பதை நினைத்தால் இது பெரிய மூலதனம். அதனால் ஏறுமுகம் மிக வேகமாக இருந்தது. அவரும் மகிழ்ந்தார், சுற்றியிருந்தவர்களும் மகிழ்ந்தார்கள்.

பிறகு புள்ளிகள் நின்றுவிட்டன. 590களில் ஏறுவதும் இறங்குவதுமாக ஒரு நீண்ட காலம். காரணம் அவருடைய கண்தான் என்று முதலில் எல்லோரும் சந்தேகித்தோம். மின்னணுப் பயிற்சிக் கருவியில் குழலின் தடத்தைப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. குழல் பத்துக்குள் வந்து நிற்கிறது. அவர் சுடவில்லை. இன்னும் அசைவு அடங்கட்டும் என்று காத்திருக்கிறார். தசை களைக்கிறது, மூச்சுக்காற்று தீர்கிறது, பார்வை மங்குகிறது, அப்போது சுடுகிறார். பழைய வலப்பக்கத்தின் அசையாத நிலை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த அமைதி வராமல் டிரிகரை அழுத்த அவருடைய மனம் ஒப்பவில்லை. இடப்பக்க உடலுக்கோ அந்த அமைதியைத் தரும் திறன் இன்னும் இல்லை. தேர்ந்த வீரரின் அளவுகோலைக் கொண்டு புதியவரின் உடலை அளந்துகொண்டிருந்தார். புதிதாகக் கற்பவருக்கு வராத சிக்கல் இது. அனுபவசாலிகள் பக்கம் மாறும்போது இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

முன் வளையத்தைப் பெரிதாக்கினோம். கருப்பைச் சுற்றித் தெரியும் வெள்ளை அகலமானதும், ஆட்டம் அவருடைய கண்ணை உறுத்துவது குறைந்தது. கருப்பே இல்லாத வெள்ளைத் தாளை மாட்டி, டிரிகரின் உணர்வை மட்டும் கவனித்துச் சுடும் பயிற்சியும் கொடுத்தேன். குறிப்பிட்ட நேரத்துக்குள் குண்டு போகவில்லை என்றால் ரைஃபிளை இறக்கியே ஆக வேண்டும், அவர் கருத்துக்கு அங்கே இடமில்லை. இந்த மூன்றில் பெரிதும் கைகொடுத்தது மூன்றாவதுதான்.

டிரிகர் விரலின் கதை தனி. இடது விரல் தனியாக அசையக் கற்றிருக்கவில்லை. அது அழுத்தும்போது மோதிர விரலும் சுண்டுவிரலும் சேர்ந்து பிடியை இறுக்கின. வெளியிலிருந்து பார்க்க இது தெரியாது, ஆனால் நகங்களில் தெரிந்தது. குண்டு புறப்படும் கணத்தில் அந்த இரண்டு விரல்களின் நகங்களுக்கு அடியில் இரத்தம் விலகி வெளுத்தது. குழலின் தடத்தில் அதே கணத்தில் கீழ்வலப் பக்கம் ஒரு சிறு இழுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து நகங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், வெளுத்தால் சொல்வேன், அவர் மறுபடி செய்வார். சலிப்பூட்டும் வேலைதான். அவர் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை.

பழைய விரல் சும்மா இருக்கவில்லை

பக்கம் மாறிய பிறகு நடந்த முதல் போட்டியில், பயிற்சியில் இல்லாத ஒரு தவறு தலைகாட்டியது. சில குண்டுகள், எல்லாம் சரியாக இருந்தும், ஒரே திசையில் விலகி விழுந்தன. அவருடைய இடது விரல் ஒழுங்காகவே அழுத்தியது. அடுத்த பயிற்சியில், போட்டியின் நெருக்கடியை உண்டாக்குவதற்காகப் பார்வையாளர்களை வைத்துச் சுட வைத்தேன். அப்போதுதான் கண்டுபிடித்தோம்: முன்கட்டையைத் தாங்கிக்கொண்டிருந்த வலக்கையின் ஆள்காட்டி விரல், இடது விரல் டிரிகரை அழுத்தும் அதே கணத்தில், தானும் சுருங்கியது. பல ஆண்டுகளாகக் குண்டைப் புறப்பட வைத்த விரல் அது. பதற்றம் கூடியதும் தன் பழைய வேலையை அதுவும் செய்யத் தொடங்கியிருந்தது.

அதட்டியோ நினைவூட்டியோ இதை நிறுத்த முடியாது. அந்த விரலைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால் இடது விரல் கெடும். ஆகவே விரல் தனித்து அசைய வாய்ப்பே இல்லாதபடி தாங்கும் கையின் அமைப்பை மாற்றினோம். விரல்களை நீட்டி வைப்பதற்குப் பதிலாக, மடக்கிய கை முஷ்டியின் மேல் ரைஃபிளை அமர்த்தினார். தடித்த கையுறை மீதியைப் பார்த்துக்கொண்டது. உயரக் கட்டையைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது. விலகல் மறைந்தது. விரல் இன்றும் உள்ளுக்குள் சுருங்கலாம், அது ரைஃபிளைத் தொடுவதில்லை.

இப்போதைய நிலையும் பிற பிரிவுகளும்

இரண்டு பருவங்களுக்குப் பிறகு அவர் 615ஐ ஒட்டிச் சுடுகிறார். பழைய உச்சத்தை எட்டவில்லை. எட்டுவாரா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, வாய்ப்பு இருக்கிறது என்றுதான் பதில் சொல்கிறேன். தொடரின் கடைசிப் பத்துக் குண்டுகளில் கால்கள் களைப்பதுதான் இப்போது மிச்சமுள்ள குறை. அது பக்கத்தோடு சம்பந்தப்பட்டது அல்ல, உடற்பயிற்சியோடு சம்பந்தப்பட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடக்கண்ணைச் சோதிப்பது தொடர்கிறது.

இந்த அனுபவத்தை அப்படியே மற்றப் பிரிவுகளுக்கு எடுத்துச் செல்ல முடியாது. பறக்கும் தட்டுகளைச் சுடும் ஷாட்கன்னில் பின்பக்கக் குறி என்று ஒன்றில்லை, சுடுபவரின் கண்தான் பின்குறி. அங்கேயும் கண் போனால் தோள் மாற வேண்டும். ஆனால் நின்று நிதானிக்க அங்கே நேரமில்லை, தோளுக்குத் துப்பாக்கி ஏறும் அசைவையே புதிதாகப் பழக வேண்டும். வில்வித்தையில் நாண் வந்து தொடும் முகத்தின் பக்கத்தை ஒட்டியே கண்ணும் அமைகிறது, வில்லையே மாற்ற வேண்டியிருக்கும். அதோடு இழுக்கும் தோளின் வலிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட முடியும். பழைய இழுவிசையிலேயே புதிய தோளைத் தொடங்க வைப்பது காயத்தை அழைப்பதாகும். வெடிமருந்து ரைஃபிளில் போல்ட், அதாவது குண்டை ஏற்ற இழுத்துத் தள்ளும் கைப்பிடி, வலப்பக்கம் இருந்தால், இடத் தோள்காரர் ஒவ்வொரு குண்டுக்கும் கையைத் தாண்டி நீட்ட வேண்டியிருக்கும். இடப்பக்க போல்ட் உள்ள துப்பாக்கி கிடைக்குமா என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

தோள் காயம் காரணமாக மாறுபவர்களுக்கு இன்னொரு கேள்வி உண்டு. காயம் ஆறிய பிறகு பழைய பக்கத்துக்குத் திரும்பலாமா என்பது அது. இந்த வீராங்கனைக்கு அந்தக் கேள்வி எழவில்லை. கேட்பவர்களுக்கு நான் சொல்வது, மாறுவது, திரும்புவது இரண்டையும் ஒரே பருவத்தில் செய்யாதீர்கள் என்பதே. இடைக்காலமாகச் சில மாதங்கள் மட்டும் சுட முடியாது என்றால், பக்கம் மாறாமல் ஓய்வெடுத்து, நிற்கும் பயிற்சியையும் மூச்சையும் பேணிக்கொண்டு காத்திருங்கள். மருத்துவர் ஓராண்டுக்கு மேல் ஆகும் என்றாலோ, தோள் பழைய சுமையைத் தாங்காது என்றாலோ மட்டும் மாறுங்கள். மாறினால், குறித்துளையின் அமைப்பிலிருந்து சட்டை வரை எல்லாவற்றையும் மாற்றுங்கள், பழைய ரைஃபிளைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். வாரத்தில் இரண்டு நாள் இந்தப் பக்கம், இரண்டு நாள் அந்தப் பக்கம் என்று சுட்டுக்கொண்டிருந்த ஓர் இளைஞரின் இரண்டு பக்கங்களும் தேங்கி நின்றதைப் பார்த்தேன். ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன பிறகுதான் அவருடைய புள்ளிகள் நகரத் தொடங்கின.